முப்பத்தொரு சென்ட்

"இன்னும் இழு அக்கா. தொய்யுது."

"எங்க இழுக்கறது மேடம், பின்னால வாய்க்கா."

அளவு நாடாவின் மறுமுனையைப் பிடித்திருந்த அமிர்தம் ஒரு காலைச் சேற்றிலிருந்து உருவிப் பின்னால் வைத்தாள். நாடா நிமிர்ந்தது. ஜோதி மேரி குனிந்து எண்ணைப் பார்த்தாள். ஐம்பது மீட்டர். சற்று முன் குறுக்கே அளந்தபோது இருபத்தைந்து. கைபேசியில் பெருக்கினாள். விரலில் சேறு இருந்ததால் திரை இரண்டு முறை வேறு எதையோ திறந்தது. மூன்றாம் முறை விடை வந்தது. அதைச் சென்ட்டுக்கு மாற்றினாள்.

முப்பத்தொரு சென்ட்.

அவள் கையெழுத்துப் போட்ட பதிவேட்டில் ஐந்து ஏக்கர் என்று இருந்தது.

"சரியா இருக்குதா மேடம்?" என்று அமிர்தம் கேட்டாள்.

ஜோதி மேரி நிமிர்ந்து பார்த்தாள். அலையாத்திக் காட்டுச் சுரபுன்னைக் கன்றுகள் முழங்கால் உயரத்தில், சாண் இடைவெளியில், வரிசை பிசகாமல் நின்றன. ஒவ்வொன்றின் உச்சியிலும் இரண்டு ஜோடி இலை. அவற்றுக்கு அப்பால், கன்றுகள் இருந்திருக்க வேண்டிய மீதி இடம் முழுவதும் வெறும் சேறு. நண்டு வளைகள். ஒரு கொக்கு.

"எம்மாம் அழகா புடிச்சிருக்குது பாருங்க," என்றாள் அமிர்தம். "ஒண்ணு கூட சாவல."

அது உண்மை.

ஜோதி மேரிக்கு ஐம்பத்திரண்டு வயது. அரசு நடத்தும் கரையோரக் காடுகள் மீட்புத் திட்டத்தில் கள மேலாளர். திட்ட அலுவலகம் சிதம்பரத்தில் ஒரு வாடகை மாடியில் இருந்தது. வீடு கடலூரில். காலை ஆறே காலுக்குப் பேருந்து ஏறுவாள். ஆலப்பாக்கம் தாண்டுவதற்குள் தூங்கிவிடுவாள். இடம் கிடைக்காத நாளில் கம்பியைப் பிடித்தபடி நின்றுகொண்டே தூங்குவாள். சிதம்பரத்தில் சைக்கிள் ஸ்டாண்டில் அவளுடைய ஸ்கூட்டர் நிற்கும். அதில் கிள்ளைப் பக்கம் போய், அங்கிருந்து படகு. சுடிதாருக்கு மேல் கணவனின் பழைய தொழிற்சாலைச் சட்டை. அதற்கு மேல் ஆரஞ்சு நிற மிதவைச் சட்டை. நீச்சல் தெரியாது. அப்பா லூயிஸ், கடலூர்த் துறைமுகத்தில் மூட்டை இறக்கியவர். பெண்ணைக் கடலில் கால் நனைக்க விட்டதில்லை. பதினேழு வருடமாகத் தண்ணீரில் வேலை செய்தும் அவள் மிதவைச் சட்டையைக் கழற்றியதில்லை.

"தண்ணி முழங்கால்தான் மேடம். மூழ்கணும்னா படுக்கணும்," என்பான் படகோட்டி கோவிந்தசாமி.

"நீ ஓட்டுற ஓட்டுக்குப் படுத்துடுவேன்," என்பாள்.

மகள் கல்யாணத்துக்கு வந்தவர்களுக்குத் தாம்பூலப் பைக்குப் பதிலாக ஆளுக்கு ஒரு சுரபுன்னை விதை கொடுத்தாள். முழங்கை நீளப் பச்சைக் குச்சி. உறவுக்காரர்கள் முருங்கை வகை என்று நினைத்தார்கள். ஒரு பெரியப்பா சாம்பாரில் போடலாமா என்று தொலைபேசியில் கேட்டார். நாத்தனார் சவரிமேரி மட்டும் அதைக் குளியலறைத் தண்ணீர் போகும் இடத்தில் குத்தி வைத்தாள். அது இப்போது ஆள் உயரம். சோப்புத் தண்ணீரில் வளர்ந்த சுரபுன்னை மரம் உலகத்திலேயே அது ஒன்றாகத்தான் இருக்கும் என்று ஜோதி மேரி சொல்வாள். சொல்லும்போது முகத்தில் பெருமையும் சங்கடமும் சேர்ந்தே இருக்கும்.

தொட்டுப் பார்க்காமல் எதற்கும் கையெழுத்துப் போட மாட்டாள். அலுவலகத்தில் எல்லோருக்கும் இது தெரியும். வேலிக் கம்பு நானூறு என்று ரசீது வந்தால் ஒவ்வொன்றையும் தொட்டு எண்ணுவாள். ஒருமுறை பன்னிரண்டு கம்பு குறைந்தது. கொண்டுவந்த ஆள் இருட்டுவதற்குள் அந்தப் பன்னிரண்டையும் ஷேர் ஆட்டோவில் ஏற்றிவந்து இறக்கினான். அப்போதும் பன்னிரண்டையும் தொட்டாள்.

அப்படிப்பட்டவள் ஒரே ஒரு முறை தொடாமல் போட்டாள்.

அக்டோபரில் நான்காம் பிளாக்கில் நடவு. இருபதாயிரம் விதை. விதைக்கு விதை ஒரு மீட்டர். வழக்கமாக வந்து நடும் கழிமுகத்து ஊர்ப் பெண்கள் அந்த வருடம் இறால் பண்ணை வேலைக்குப் போய்விட்டார்கள். ஜோதி மேரி புவனகிரிப் பக்கத்திலிருந்து அமிர்தத்தின் குழுவை அழைத்து வந்தாள். பதினான்கு பேர். எல்லோரும் நெல் நடவு ஆட்கள். வயலில் நடவு மெஷின் இறங்கியதிலிருந்து பாதிப் பருவம் அவர்களுக்குச் சும்மா போய்க்கொண்டிருந்தது. சேறு அவர்களுக்குப் புதிதில்லை. உப்புதான் புதிது.

முதல் நாள் அவளே நின்று, முடிச்சுப் போட்ட கயிற்றைக் கட்டி, ஒரு முடிச்சுக்கு ஒரு விதை என்று காட்டினாள். மதியம் வரை அப்படியே நட்டார்கள். அமிர்தம் மட்டும் அவ்வப்போது நிமிர்ந்து பார்த்து, "இத்தினி எடம் சும்மா கெடக்குதே மேடம்," என்றாள்.

"கெடக்கட்டும் அக்கா. மரமானா நெறஞ்சிடும்."

மறுநாள் கடலூரில் நீதிமன்றம். மரம் வெட்டிய வழக்கில் அவள் சாட்சி. வழக்கு மதியத்துக்குத் தள்ளிப்போனது, பிறகு அடுத்த நாளுக்கு. இரண்டு நாள் வராந்தாவில் உட்கார்ந்திருந்தாள். மூன்றாம் நாள் புயல் எச்சரிக்கை வந்தது. எல்லாத் துறை ஆட்களையும் வெள்ளப் பணிக்கு எடுத்தார்கள். அவளுக்கு ஒரு பள்ளிக்கூட முகாம். அங்கே சோற்றுப் பொட்டலம் எண்ணிக்கொண்டிருந்தபோது கோவிந்தசாமி தொலைபேசியில் கூப்பிட்டான்.

"முடிஞ்சிது மேடம். இருபதாயிரமும் நட்டாச்சு. ஒரு வெதை மிச்சமில்ல."

ஒவ்வொரு வார்த்தையும் உண்மை. பதிவேடு அன்றைக்கே சென்னைக்குப் போயாக வேண்டும் என்று அலுவலகத்திலிருந்து ஒருவன் முகாமுக்கே எடுத்து வந்தான். அவள் பெஞ்சியில் வைத்துக் கையெழுத்துப் போட்டாள்.

வெள்ளம் வடியக் கார்த்திகை முடிந்தது. மற்ற மூன்று பிளாக்கிலும் வேலி சாய்ந்திருந்தது. அங்கேயே மார்கழி போனது. கடைசியில் இருந்த நான்காம் பிளாக்கைப் படகிலிருந்து இரண்டு முறை பார்த்தாள். கரையோரம் பச்சையாகத் தெரிந்தது. திங்கட்கிழமை சென்னையிலிருந்து ஆய்வுக்கு வருகிறார்கள் என்றதும், சனிக்கிழமை மதியம், தண்ணீர் இறங்கும் நேரம் பார்த்து, அமிர்தத்தையும் வரச்சொல்லி, நாடாவோடு வந்தாள்.

"அக்கா, கயிறு கட்டிக் காட்டுனனே."

"காட்டுனீங்க. நாங்க எங்க இல்லன்னோம்? நீங்க போனப்பறம் ஒரு வரிச நட்டுப் பாத்தோம். ஏதோ வழில சிந்திட்டுப் போன மாதிரி இருந்துச்சு. கை அதுவா கிட்டக் கிட்டப் போவுது மேடம். நாப்பது வருசமா நடுற கையி."

"முதல் நாள் நட்டது எங்க?"

"அத்தையும் புடுங்கி இதுலயே சேத்துட்டோம். தனியா இருந்தா பாக்க நல்லால்ல."

ஜோதி மேரிக்குச் சிரிப்பு வந்தது. வந்த இடம் தெரியாமல் போனது. திங்கட்கிழமை ஆய்வு நல்லபடி முடிந்தால் அவள் மாவட்டத் திட்ட அலுவலர். கடலூர்க் கரை முழுவதும் அவள் பொறுப்பில் வரும். பட்டியலில் முதல் பெயர் அவளுடையது. தவறுக்கு விளக்கம் கேட்கும் குறிப்பாணை ஒன்று நிலுவையில் இருந்தால் பெயரை எடுத்துவிடுவார்கள். ஐம்பத்து மூன்று வயது ஆகிவிட்டால் அந்தப் பதவிக்கு யாரையும் எடுப்பதில்லை. அவளுக்கு மே மாதம் ஐம்பத்து மூன்று.

இதை அமிர்தத்திடம் இரண்டு வாக்கியத்தில் சொன்னாள். அமிர்தம் கன்றுகளைத் திரும்பிப் பார்த்தாள்.

"இதுக்குப் போயி கவலப்படுறீங்களே. நாத்தங்கால்னு நெனச்சுக்குங்க. இன்னா இருக்குது இதுல? பறிச்சு, பரவலா நட்டுட்டாப் போச்சு. எங்க ஆளுங்கள நாளைக்கே கூட்டியாரன்."

சொன்ன வேகத்தில் குனிந்து, நாற்றுப் பறிக்கிற மாதிரி ஒரு கன்றைப் பிடித்து இழுத்தாள். வெண்டைக்காய் ஒடிவதுபோல் ஒரு ஓசை. தண்டு கையில் வந்தது. வேர் சேற்றில் நின்றுவிட்டது. அமிர்தம் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். முதல்முறையாக அவள் முகம் மாறியது.

"இது நெல்லு இல்ல மேடம்," என்றாள்.

"இல்ல அக்கா."

அமிர்தம் அடுத்த கன்றை இழுக்கவில்லை. இரண்டு கையாலும் சுற்றித் தோண்டி, சேற்றோடு உருண்டையாக எடுத்தாள். வேர் முழுசாக வந்தது. ஆறு நிமிடம் ஆனது. பதினெட்டாயிரத்துக்கு மேல் எடுத்தாக வேண்டும். ஜோதி மேரி கைபேசியை எடுக்கவில்லை. அந்தப் பெருக்கல் எப்படிப் போகும் என்று தெரிந்தது.

படகில் திரும்பும்போது கோவிந்தசாமி கழியை ஊன்றியபடி, "ஒண்ணு சொல்றன், கோவிச்சுக்காதீங்க," என்றான்.

"சொல்லு."

"சாரு பதினோரு மணிக்கு வராரு. அப்பத் தண்ணி ஏறி நிக்கும். கரையோரமா உட்டு இந்தப் பக்கத்த மட்டும் காட்டுறன். பச்சப்பசேல்னு இருக்கும். எறங்கறன்னு சொன்னாலும் எப்படி எறங்குவாரு? முழங்கால் தண்ணி, அதுக்குக் கீழ முழங்கால் சேறு. மெட்ராஸ் காலு."

"நீயே எறங்கமாட்ட," என்றாள் அமிர்தம். "அன்னிக்கு நாங்க நடும்போது எம்மாம் நேரம் படகுல குந்திகினு பாத்த? இப்படி நடக்கூடாதுன்னு ஒரு வார்த்த சொன்னியா?"

"அழகா இருந்துச்சு. இன்னான்னு சொல்லச் சொல்ற?"

ஞாயிற்றுக்கிழமை ஜோதி மேரி பூசைக்குப் போனாள். மாலை வீட்டில் கணவன் யாகப்பன் இறால் உரித்துக்கொண்டிருந்தான். குடிகாட்டுப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் பாய்லர் பிரிவு. அந்த வாரம் காலை ஷிப்ட். அவள் நடந்ததைச் சொன்னாள். அவன் முழுவதும் கேட்டான். முப்பத்தொரு சென்ட் என்றதும் சிரித்துவிட்டான். அவள் முகத்தைப் பார்த்து நிறுத்தினான்.

"படகுலயே சுத்திக் காட்டுனா தெரியாதா?"

"தெரியாது."

"அப்பறமா மெதுவா நீயே சரி பண்ணிடலாம்ல?"

"பண்ணலாம். ஒரு வருசம் ஆவும்."

"அவரு கேட்டா சொல்லிடு. கேக்கலன்னா உட்டுடு."

"கேட்டா சொல்றது ஒண்ணும் பெருசில்லங்க. கேக்கலன்னாத்தான் கஷ்டம்."

யாகப்பன் இறாலின் முதுகு நரம்பை இழுத்து எடுத்து ஓரமாக வைத்தான். "உன்னோட பேருக்குப் பின்னால மாவட்டத் திட்ட அலுவலர்னு போட்டு வாசல்ல பலகை மாட்டலாம்னு பாத்தேன்," என்றான். "ஆணி கூட வாங்கிட்டேன்."

"பொய்."

"பொய்தான். வாங்கலாம்னு நெனச்சேன்."

இரவுக்கு இறால் தொக்கு வைத்தான். தொக்கில் காரம் கொஞ்சம் கூடப் போட்டான். அவளுக்குப் பிடித்த மாதிரி.

ஆய்வுக்கு வந்தவனின் பெயர் எழிலன். நாற்பது வயதிருக்கும். மூன்று வருடம் மலையில் ஒரு தேசியப் பூங்காவைப் பார்த்துக்கொண்டவன். போன மாதம்தான் கடற்கரைப் பிரிவுக்கு மாற்றலாகி வந்திருந்தான். அட்டை கடிக்காமல் இருக்க முழங்கால் வரை துணி உறையும் மலை ஏறும் ஷூவும் போட்டுக்கொண்டு வந்தான்.

"இங்க அட்டை ஜாஸ்தியா?" என்று படகில் ஏறும்போது கேட்டான்.

"அட்டை இல்ல சார். நண்டுதான்," என்றான் கோவிந்தசாமி. "அது ஷூ போட்டவங்களக் கடிக்காது."

முதல் மூன்று பிளாக்கும் நன்றாக இருந்தன. எழிலன் கேள்விகள் கேட்டான். யானை இல்லாத காட்டில் வேலி எதற்கு என்றான். எருமைக்கு என்றாள். எருமை உப்பு இலை தின்னுமா என்றான். அதற்கு உப்பு என்றால் உயிர் என்றாள். அவன் அதை எழுதிக்கொண்டான். அவளுக்கு அவனைப் பிடித்துப்போனது. அது நிலைமையை இன்னும் சிரமமாக்கியது.

நான்காம் பிளாக்குக்கு வந்தபோது தண்ணீர் ஏறி நின்றது. கன்றுகளின் தலை மட்டும் வெளியே தெரிந்தது. காற்றில் அத்தனை இலையும் ஒரே பக்கம் சாய்ந்தன. கரை மேட்டில் அமிர்தமும் அவளுடைய ஆட்களும் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். ஆய்வு என்பதால் எல்லோரும் நல்ல புடவை கட்டியிருந்தார்கள்.

"இதுதான் எல்லாத்துலயும் பெஸ்ட்," என்றான் எழிலன். "மத்த பிளாக்கெல்லாம் இப்படி அடர்த்தியா இல்லையே." படிவத்தில் 'மிக நன்று' என்று எழுதினான். எழுதியது ஜோதி மேரிக்குத் தெரிந்தது. "சரி, போலாமா?"

கோவிந்தசாமி அதற்குள் கழியை ஊன்றிப் படகைத் திருப்பத் தொடங்கியிருந்தான்.

"நிறுத்து," என்றாள்.

அவன் காதில் விழாத மாதிரி இன்னொரு முறை ஊன்றினான்.

"கோவிந்தசாமி. படக நிறுத்து."

படகு நின்றது.

"சார், இதுக்குப் பின்னால ஒண்ணும் இல்ல."

"பின்னாலன்னா?"

"நீங்க பாக்கறது முப்பத்தொரு சென்ட். அவ்வளவுதான் நட்டிருக்கு. இருபதாயிரமும் இதுக்குள்ள இருக்கு. அஞ்சு ஏக்கர்னு பதிவேட்டுல நான் எழுதியிருக்கேன்."

எழிலன் பேனாவை மூடவில்லை. "எப்போ அளந்தீங்க?"

"முந்தாநேத்து."

"கையெழுத்து?"

"அக்டோபர்ல. வந்து பாக்காம போட்டேன்."

"நட்டவங்க தப்பா நட்டுட்டாங்களா?"

"அவுங்க நல்லாத்தான் நட்டாங்க. ஒண்ணு கூடச் சாவல. நான் பக்கத்துல இருந்திருக்கணும். இல்லன்னா கையெழுத்துப் போடாம இருந்திருக்கணும்."

கோவிந்தசாமி தலையைத் திருப்பிக்கொண்டு தண்ணீரைப் பார்த்தான்.

எழிலன் இறங்கிப் பார்க்கவேண்டும் என்றான். ஷூவோடு இறங்கினான். நான்கு அடி வைத்தான். ஐந்தாவது அடியில் கால் வரவில்லை. பலம் கொடுத்து இழுத்தான். கால் வந்தது, ஷூ வரவில்லை. மேட்டிலிருந்து அமிர்தம் எழுந்து, நல்ல புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கி வந்தாள்.

"ஏன் சார், தூக்காதீங்க. உருவுங்க. குதிகால மொதல்ல. அப்படித்தான். என் தோள்மேல கை போடுங்க, பரவால்ல, எனக்குப் பேரன் இருக்கான்."

ஜோதி மேரியும் இறங்கியிருந்தாள். மூவரும் கன்றுகளின் ஓரத்தில் நின்றார்கள். அங்கிருந்து பின்னால் இருந்த வெறுந்தண்ணீர் நன்றாகத் தெரிந்தது.

"நீங்கதான் நட்டீங்களா?" என்று எழிலன் அமிர்தத்தைக் கேட்டான்.

"ஆமா சார். நாங்கதான்."

"ஏன் இவ்வளவு கிட்டக் கிட்ட?"

அமிர்தத்துக்கு அது ஒரு கேள்வியாகவே படவில்லை. "வேற எப்படி சார் நடுவாங்க?" என்றாள்.

எழிலன் சிரித்தான். நீளமாகச் சிரித்தான். மேட்டிலிருந்த பெண்களும் காரணம் தெரியாமல் சேர்ந்து சிரித்தார்கள். பிறகு அவன் வரிசைகளைப் பார்த்தான். ஒரு கன்றுகூடக் கோடு விலகவில்லை. கயிறு கட்டினார்களா என்று கேட்டான். கண்ணால் பார்த்து நட்டது என்றாள் அமிர்தம். கயிறு கட்டுவது நடத் தெரியாதவர்களுக்கு என்றாள்.

படகில் ஏறியதும் படிவத்தை எடுத்து 'மிக நன்று' என்பதை அடித்தான். கீழே எழுதத் தொடங்கினான். நிறைய எழுதினான்.

"இத எழுதாம விட என்னால முடியாது மேடம்."

"எழுதத்தானே சார் சொன்னேன்."

"பட்டியல்ல உங்க பேரு இருக்கு. பாத்துட்டுத்தான் வந்தேன்."

"இருக்குது."

"வேற ஏதாவது சொல்லணுமா?"

அவள் யோசித்தாள். "இந்த ஆளுங்களையே வெச்சுச் சேத்தோட எடுத்துப் பரப்பி நட்டா, பாதிக்கு மேல பொழைக்கும். பராமரிப்புப் பணியில சேத்துக்கலாமான்னு மட்டும் எழுதுங்க."

அவன் அதையும் எழுதினான். கரைக்கு வந்ததும் அவள் டிபன் பாக்ஸைத் திறந்து இறால் தொக்கைப் பாதி அவன் தட்டில் வைத்தாள். அவன் ஒற்றை ஷூவோடு உட்கார்ந்து சாப்பிட்டான். கண்ணில் தண்ணீர் வந்தது. இன்னும் கொஞ்சம் கேட்டு வாங்கிக்கொண்டான்.

மறுநாள் செவ்வாய்க்கிழமை. ஆறே காலுக்குப் பேருந்து. காலை பத்தரைக்கு அலுவலக மின்னஞ்சலில் குறிப்பாணை வந்தது. ஏழு நாளுக்குள் விளக்கம் தரவேண்டும். பட்டியல் திருத்தப்பட்டதாகத் தனியே ஒரு கடிதம் பன்னிரண்டு மணிக்கு வந்தது. முதல் பெயர் வேறொருவருடையது. ஜோதி மேரி விளக்கத்தை அன்றைக்கே எழுதினாள். பதினோரு வரி வந்தது. இரண்டு நகல் எடுத்து ஒன்றைக் கோப்பில் வைத்தாள். மதியம் நான்காம் பிளாக்குக்குப் போனாள். அமிர்தமும் பதிமூன்று பேரும் வந்திருந்தார்கள். தண்ணீர் மூன்று மணிக்கு மேல்தான் இறங்கியது. ஐந்தரை வரை வேலை நடந்தது. இருநூற்றுப் பன்னிரண்டு கன்றுகளைச் சேற்றோடு எடுத்து ஒரு மீட்டர் விட்டு நட்டார்கள். ஒன்பது ஒடிந்தன. இரண்டு முறை இடைவெளி குறைந்தது. சொன்னதும் மாற்றி நட்டார்கள். சிதம்பரத்தில் ஏழு மணிப் பேருந்தில் இடம் கிடைக்கவில்லை. புதுச்சத்திரத்தில் ஒருவர் இறங்கியதும் உட்கார்ந்தாள்.